செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதும்போது கதையின் குரலைக் காப்பது எப்படி?

மண்டபம், பாம்பன், கீழக்கரை என ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்து வாழ்க்கையைக் கதையாக்க விரும்புபவர் சாட்ஜிபிடி போன்ற செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதல் வரைவை அதனிடம் கேட்காதீர்கள். பயிற்சியில் கண்ட ஏராளமான எழுத்துகளைக் கொண்டு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பதே அதன் இயக்கம் என்பதால், அச்சிலும் இணையத்திலும் அதிகம் ஏறாத பேச்சு அதன் கைக்கு எளிதில் வராது. கடல்பாசி எடுக்கும் பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னால், அலைகள் தாலாட்டுவதாகவும் கடல் தாயாக அணைப்பதாகவும் எழுதித் தரக்கூடும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் பற்றியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பவரின் பேச்சில் தாலாட்டுக்கு இடமில்லை. அவரிடம் நேரில் கேளுங்கள். இசைவு பெற்றுப் பதிவு செய்து, பேசியபடியே எழுதுங்கள்.

அடுத்தது திருத்தம். வெறுமனே "திருத்திக் கொடு" என்னாமல், "ஒற்றுப்பிழைகளை மட்டும் பட்டியலிடு, உரையாடலைத் தொடாதே" என்று கட்டளையிடுங்கள். அப்போதும் திரும்பி வந்ததை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். "கச்சான் ஏறிப்போச்சு, வள்ளத்த எறக்காதீக" என்ற வரி, "மேற்குக் காற்று பலமாக வீசுகிறது, படகை இறக்க வேண்டாம்" என்று மாறி வந்திருந்தால், செய்தி இருக்கும், சொன்னவர் இருக்கமாட்டார். பழைய வரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

என் மதிப்பில், இச்செயலியின் மிகச் சிறந்த பயன் கேள்வி கேட்க வைப்பதுதான். "கடலறியாத வாசகருக்கு இந்தக் கதையில் எது விளங்காது?" என்று கேட்டு, விடையை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற நிகழ்வுகளில் அது தரும் விவரங்களை அக்காலச் செய்தித்தாள்களோடு சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

பயன்படுத்தியதை மறைக்கவும் வேண்டாம். 2024 ஜனவரியில் அகுதகவா இலக்கியப் பரிசு பெற்ற ஜப்பானிய எழுத்தாளர் ரியே குடான், தம் நாவலில் ஏறக்குறைய 5 விழுக்காடு சாட்ஜிபிடியின் வாக்கியங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்; அவற்றைக் கதையில் வரும் செயற்கை நுண்ணறிவின் பதில்களுக்கே பயன்படுத்தியதாகவும் பின்னர் விளக்கினார். இயந்திரத்தின் பேச்சை இயந்திரத்தின் வாயிலேயே வைத்த அந்த முறை நமக்கும் நல்ல முன்மாதிரி. கிண்டிலில் நூல் வெளியிடுவோர், இயந்திரம் எழுதிய பகுதி இருந்தால் அதை அமேசானுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கைப்பிரதியையும் ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனித்தனியே சேமித்து வையுங்கள்.