நாக்குக்குத் தெரியாமல் உப்பைக் குறைப்பது எப்படி

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அன்று ராத்திரியே பாதியாக வெட்டிவிடாதீர்கள். எங்கள் மாடி வீட்டு அக்கா அப்படித்தான் செய்தார். அவர் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டோரம் எலுமிச்சை ஊறுகாயை ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொண்டார். குழம்பில் குறைந்த உப்பு ஊறுகாயில் வந்து சேர்ந்தது.

உப்பு விஷயத்தில் நாக்கு பழக்கத்துக்கு அடிமை. தினமும் தூக்கலாகச் சாப்பிட்டால் அந்த அளவுதான் அதற்குச் சரியான உப்பு, அதற்குக் கீழே எல்லாமே சப்பென்று இருக்கும். நல்ல வேளையாக இது திரும்பியும் வரும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சில மாதங்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் பிடித்த உப்பின் அளவே இறங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ரொட்டியில் வாரத்துக்கு 5 சதவீதமாக ஆறு வாரம் உப்பைக் குறைத்துக்கொண்டே போய் கால் பங்கை எடுத்துவிட்டார்கள், சாப்பிட்டவர்களுக்குத் தெரியவில்லை. நானும் அந்த 5 சதவீதக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் இப்போது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது மாதம் 750 கிராம். அப்பளம், பிஸ்கட், மிக்சர், ஓட்டல் பரோட்டா வழியாக வருவதும் இதற்குள்தான் அடக்கம். ஒரு கிலோ பாக்கெட் இருபது நாளில் தீர்ந்தால் நிலவரம் புரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் கை. சமைக்கிறவர் கைக்கு ஓர் அளவு பழகியிருக்கும், ஸ்பூனை மாற்றினாலும் கண்ணளவில் கொஞ்சம் சேர்த்துவிடும். அதனால் நான் உப்புத் தண்ணீருக்கு மாறினேன். 200 கிராம் அயோடின் சேர்த்த கல் உப்பை ஒரு பாட்டிலில் போட்டு, மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றிக் கரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். 50 மில்லி பிடிக்கும் கரண்டி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொண்டால், ஒரு கரண்டிக்கு 10 கிராம் உப்பு. முதல் வாரம் வழக்கமாகப் போடும் அளவுக்கு எத்தனை கரண்டி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத் தண்ணீருக்கு 190 கிராம், அதற்கடுத்து 180. கரண்டிக் கணக்கை மட்டும் மாற்றவே கூடாது. 150-க்கு வந்ததும் இரண்டு மூன்று வாரம் அங்கேயே நில்லுங்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை என்றால் மறுபடி இறங்கலாம்.

குழம்பு, ரசம், உப்புமாவுக்கு இது கச்சிதம். பொரியலுக்குத்தான் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அதில் காய் வேக வைக்கும் தண்ணீருக்குப் பதிலாக இதையே தெளித்துவிடுங்கள். ஊறுகாய் போடும்போது உப்பில் கை வைக்காதீர்கள், பூசணம் பூத்துவிடும். ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதில்தான் குறைக்க வேண்டும். அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக் காரமும் உண்டு, அதிலும் சோடியம் இருக்கிறது. மோர் மிளகாய், கருவாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வீட்டில் சொல்லலாமா? என் கருத்து, சமைக்கிறவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மத்தியானச் சமையல் அத்தையுடையது, அவரிடம் மறைத்தால் காரியம் நடக்காது. “நீ தண்ணியில என்ன வேணா பண்ணிக்கோம்மா, என் கரண்டிய மாத்தாத” என்றார். எனக்கு வேண்டியதும் அதுதானே! சாப்பிடுகிறவர்களிடம் சொன்னீர்களோ, குறைக்காத நாளில்கூட “உப்பே இல்லை” என்பார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். எழுந்துபோய் எடுக்கிற அளவுக்கு யாருக்கும் உப்பின் மேல் பக்தி கிடையாது.

ருசி பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. அடுப்படியில் நின்று கரண்டி கரண்டியாக நக்கிக்கொண்டிருந்தால் நாக்கு அந்த உப்பிலேயே ஊறிவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் போதாதது போலத்தான் இருக்கும். ஒரே தடவை பாருங்கள். அதற்கு முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு, இறக்கின குழம்பைச் சற்று ஆறவிட்டு, இரண்டு பருக்கை சோற்றோடு சேர்த்துப் பாருங்கள். குழம்பைத் தனியாகக் குடிக்கப் போவதில்லையே. சந்தேகமாக இருந்தால் வெளியிலிருந்து அப்போதுதான் வந்தவரிடம் கொடுங்கள். என் பெண் பள்ளியிலிருந்து வந்த கையோடு சொல்லும் தீர்ப்பு எனக்கு மேல்கோர்ட்.

சப்பென்று தோன்றும் நாளில் புளிப்பு கைகொடுக்கும். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழியலாம், பருப்பில் ஒரு கீற்று மாங்காய் போடலாம். ரசத்தில் மிளகையும் சீரகத்தையும் அப்போதே தட்டிப் போட்டால் உப்பின் குறை பாதி மறைந்துவிடும். புளியைக் கூட்டாதீர்கள், அதைச் சரிக்கட்ட மறுபடி உப்புதான் கேட்கும்.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதைப் பற்றி: அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், சில பிபி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் ஏறிவிடும், அது ஆபத்து. டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள்.

விருந்தாளிகள் வரும் நாளில் அவர்களுக்காகப் பழைய அளவுக்குப் போக வேண்டாம். அவர்கள் இலையில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு வையுங்கள். இலையில் உப்பு வைப்பது நம் வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.