நிலநடுக்க ஒத்திகை: ஒருமுறை இருட்டிலும் செய்து பாருங்கள்

நிலநடுக்க ஒத்திகை என்றாலே பலரும் படியிறங்கி ஓடித்தான் பழகுகிறார்கள். ஆனால் கட்டடம் குலுங்கும்போது ஓடினால் தடுமாறி விழுவோம், மேலேயும் ஏதாவது விழும். பழக வேண்டியது மூன்றே அசைவுகள். மண்டியிட்டுக் குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் தலையையும் கழுத்தையும் நுழைத்து, மேசைக்காலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் நீங்களும் கூடவே நகர வேண்டும். கைப்பேசியில் 60 விநாடி வைத்து அப்படியே இருந்து பாருங்கள். அது எவ்வளவு நீண்ட நேரம் என்று அப்போதுதான் தெரியும்.

மேசை இல்லாத அறையா? ஜன்னலுக்கும் அலமாரிக்கும் எட்ட, உட்சுவரோரம் குனியுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, முன்குனிந்து கைகளால் தலையைக் காத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் விட்டுவிடுவது இரவு ஒத்திகையைத்தான். விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறப் படுத்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். குலுக்கல் நின்றபின் தரையெங்கும் கண்ணாடிச் சில்லு கிடக்கலாம். அதனால் காலணியையும் டார்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கட்டில்காலில் கட்டி வையுங்கள். குழந்தைகள் அதை இருட்டிலேயே தடவி எடுக்கப் பழகட்டும். பிறகு லிஃப்டைத் தவிர்த்துப் படிவழியே வெளியேறி, முன்பே பேசிவைத்த திறந்தவெளியில் கூடி, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள்.