மடுக் காட்டில் நாலு இரவு: ஆவணித் திருவிழாவுக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிற மடு மாதா கோவில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விடியப் போய்ப் பின்னேரம் திரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவைப்படாது. குடும்பத்தோடு காட்டுக்குள் தறப்பாள் கட்டி, சமைத்து, நிலத்தில் படுத்து, ஓகஸ்ட் 15 காலைத் திருப்பலி வரைக்கும் நிற்கப்போகிறவர்களுக்கே இதை எழுதுகிறோம். அங்கே ஆட்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான்: நித்திரை இல்லை, அல்லது குடிதண்ணீர் காணாது. இந்த இரண்டையும் வீட்டிலேயே திட்டமிட்டுவிட்டால் மற்றதெல்லாம் போகப்போகச் சரிவரும்.

எப்போது போவது

ஆடித் திருவிழா யூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. ஆவணிக்கு ஓகஸ்ட் 6இல் கொடியேறும். தொடர்ந்து நவநாள், 14 மாலை வெஸ்பர் ஆராதனை, 15 காலை திருவிழாத் திருப்பலி, அதன்பின் திருச்சொரூபப் பவனியும் ஆசீரும். காலைத் திருப்பலி ஆறு, ஆறரைக்குத் தொடங்குவது வழமை. சரியான நேரத்தை அந்த வருட அறிவித்தலில் பாருங்கள்.

12ஆம் திகதி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல நிழல் கிடைக்கும். 13 பின்னேரம் போகிறவருக்கு மிஞ்சுவது வெட்டையும் ஓரக் காடும்தான். கோவிலைச் சுற்றியுள்ள விடுதி அறைகள் வேண்டுமென்றால் திருத்தல நிர்வாகத்திடம் வெகு முன்னதாகவே கேட்டுப் பதிய வேண்டும். ஓகஸ்ட் மாதம் பிறந்த பிறகு கேட்பது வீண் முயற்சி.

பாதை: ஏ9 வழியாக வவுனியா, அங்கிருந்து பூவரசங்குளம் ஊடாகப் பறயனாலங்குளம், பிறகு மன்னார் வீதியில் மடுச் சந்தி, சந்தியில் திரும்பிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் காட்டு வீதி. பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக ஏ32இல் மன்னார்ப் பக்கம் போய்த் திரும்பிவரவும் முடியும். ஆனால் சாமான் ஏற்றிய வானுக்கு ஏ9தான் வசதி; இடையில் ரயர் வெடித்தாலும் கடை இருக்கும். ரயிலை நம்பினால் மதவாச்சியில் இறங்கித் தலைமன்னார் வண்டிக்கு மாறி, மடு வீதி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தறப்பாளும் கிடாரமும் கொண்டு இரண்டு தரம் ஏறி இறங்குவது வேண்டாத வேலை.

சந்தியிலிருந்து உள்ளே போகும் வீதியைப் பொழுதுபடுமுன் கடந்துவிடுங்கள். அந்தக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் வளைவில் நிற்கிற யானை ஹெட்லைற்றில் கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

தறப்பாள் கட்டுவது

ஆறு பேருக்கு 12 அடிக்கு 18 அடித் தறப்பாள் ஒன்று போதும். பலர் பிழைவிடுவது முகட்டுக் கயிற்றின் திசையில். நீளமாக இருக்கிறதே என்று 18 அடிப் பக்கத்தை முகட்டோடு போட்டால், இரண்டு பக்கமும் 6 அடிதான் தொங்கும். ஆள் நிமிர்ந்து நிற்க 6 அடி உயரத்தில் கயிறு கட்டினால் தறப்பாள் நேரே கீழே விழும், அகலம் என்று ஒன்றே இராது. 5 அடிக்குத் தாழ்த்தினாலும் உள்ளே ஆறரை அடி அகலம்தான். மாறாக 12 அடிப் பக்கத்தை முகட்டில் போடுங்கள். பக்கத்துக்கு 9 அடி தொங்கும். 6 அடி உயரத்தில் கட்டினாலும் நிலத்தில் பதின்மூன்று அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம் வரும். ஆறு பேர் காலை நீட்டிப் படுத்து, சாமானுக்கும் ஒரு மூலை மிஞ்சும்.

முகட்டுக்குத் தும்புக் கயிறு நல்லது. நைலோன் கயிறு பாரத்துக்கு மெல்ல மெல்ல இழுபட்டு விடியும்போது நடு தொய்ந்து முகத்தில் முட்டும். நைலோன்தான் இருக்கிறதென்றால் படுக்கப் போகுமுன் ஒருதரம் இழுத்து இறுக்குங்கள். மரப்பட்டை வெட்டுப்படாமல் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் சாக்குத் துண்டு வையுங்கள்.

தறப்பாளின் வளையக் கண்களை நம்பவேண்டாம். ஓகஸ்டில் வன்னியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று இழுத்து வீசும். இரண்டாம் நாளே கண் கிழிந்து படபடக்கத் தொடங்கும். அதற்குப் பதில் பாக்கு அளவு உருண்டைக் கல் ஒன்றைத் தறப்பாளின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, அடிப்பக்கத்தில் வையுங்கள். மேலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்துக் கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இறுக்குங்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், தறப்பாள் கிழியாது. நாலு மூலைக்கும் பக்கங்களின் நடுவுக்குமாக ஆறு கல். ஊரிலேயே பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மணலில் தேடினால் கிடைக்காது.

முளைகளையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். ஒன்றரை அடி நீளம், கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சரித்து அடிக்க வேண்டும். நட்டுக்குத்தாக அடித்தால் மணலில் பிடுங்குப்படும். காட்டில் தடி வெட்டுவது சட்டப்படி குற்றம். கூடாரத்தின் ஒரு பக்கச் சரிவு தென்மேற்கைப் பார்த்து நிலத்தோடு கிடக்கட்டும், மறுபக்கத்து ஓரத்தை ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், புழுதியும் உள்ளே வராது.

இடம் பார்க்கும்போது முதலில் மேலே பாருங்கள். பாலை, வீரை மரங்களில் பட்ட கொப்பு இருந்தால் வேறு இடம் தேடுங்கள். பிறகு கீழே பாருங்கள்: புற்று, எலிப் பொந்து, குவிந்த சருகு இருக்கிற இடத்தில் பாய் விரிக்க வேண்டாம்.

படுக்கையும் பாம்பும்

உலர்வலயத்தில் இரவில் நிலத்தில் படுக்கிறவருக்கு வருகிற பெரிய ஆபத்து எட்டடி விரியன். கடித்தது பல நேரம் தெரியாது. வீக்கம் இல்லை, நோ இல்லை. பிறகு வயிற்றுக்குத்து, கண்மடல் தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சு எடுக்கக் கஷ்டம். விடியப்புறம் பிள்ளை "வயிறு குத்துது" என்று எழும்பி, கண் திறக்கச் சிரமப்பட்டால், நேற்றைய சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

இதற்கு மலிவான காப்பு நுளம்பு வலைதான். ஓரத்தை நாலு பக்கமும் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். வெறுமனே தொங்குகிற வலை நுளம்பையும் மறிக்காது, பாம்பையும் மறிக்காது. இரவில் வெளியே இறங்குமுன் ரோச் லைற் அடித்துச் செருப்பைத் தட்டிப் போடுங்கள். கண்ணாடி விரியன், நம்மூர் வழக்கில் புடையன், சருகுக்குள் அசையாமல் கிடக்கும், மிதிபட்டால் கடிக்கும்.

கடிபட்டால் ஆளை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட இடத்தைக் கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். திருவிழாக் கால முதலுதவி நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள், அல்லது 1990க்கு அழையுங்கள்; அந்த அம்புலன்ஸ் இலவசம். வவுனியா, மன்னார் பொது வைத்தியசாலைகளில் விஷமுறி மருந்து கொடுப்பார்கள். மடு மண்ணுக்குப் பாம்புக்கடியைப் போக்கும் புதுமை உண்டு என்று தலைமுறையாக நம்பிக்கை. வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துப்போகாத குடும்பம் குறைவு. எடுத்துப்போங்கள். ஆனால் கடிபட்டவரை மண்ணைப் பூசிக்கொண்டு மடியில் வைத்திருக்காதீர்கள். மாதாவை மன்றாடுவதை அம்புலன்ஸுக்குள் இருந்தும் செய்யலாம்.

தண்ணீர், அடுப்பு, சாப்பாடு

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர். ஆறு பேருக்கு 24. குழாய் பூட்டிய 20 லீற்றர்க் கான் இரண்டை ஊர்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு போனால் முதல் நாள் ஓட்டம் இல்லை. பிறகு பொதுக் குழாயிலோ பவுசரிலோ பிடித்துக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். குடிக்கிற கானில் சிவப்புத் துணி கட்டுங்கள். கை கழுவுகிற கானிலிருந்து சின்னப்பிள்ளை குடிப்பதுதான் வழக்கமான வயிற்றோட்டக் கதை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற சீவனிப் பக்கற் குறைந்தது ஆறு கையில் இருக்க வேண்டும். வன்னிக் கிணறுகளில் பெரும்பாலும் கல்நீர்தான். தேத்தண்ணி நிறம் கறுத்து, மேலே ஆடை படியும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

விறகு பொறுக்கி அலைவதைவிட ஊரிலிருந்து இரண்டு சாக்குச் சிரட்டையும் ஒரு கட்டுப் பனைமட்டையும் வானுக்கு மேலே போட்டுக்கொள்வது மேல். சிரட்டை சட்டென்று பற்றி நல்ல சூடு தரும், பனைமட்டை நின்று எரியும். அடுப்பைக் கூடாரத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, காற்று வீசிப்போகிற பக்கத்தில், ஒரு சாண் ஆழக் கிடங்கு வெட்டி வையுங்கள். சுற்றிவர ஆறடிக்குச் சருகைக் கூட்டி ஒதுக்க வேண்டும். ஆவணியில் அந்தக் காடு காய்ந்த வைக்கோல் மாதிரி. படுக்குமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றுங்கள். மேலே மண் மட்டும் போட்டால் தணல் விடியும்வரை உயிரோடு கிடக்கும்.

நாலு இரவுக்கு ஆறு பேருக்கு அரிசி 8 கிலோ தாராளம். குத்தரிசி வேண்டாம், விறகு தின்னும். வறுத்த அரிசிமா 3 கிலோ, பருப்பு 2 கிலோ, தேங்காய் எட்டு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, வெங்காயம், மோர்மிளகாய், இடித்த செத்தல்மிளகாய்ச் சம்பல், பனங்கட்டி, எள்ளுருண்டை. பால்கறி மத்தியானம் வைத்தால் மத்தியானமே முடியவேண்டும். இரவுக்குப் புட்டும் சம்பலும் போதும். கருவாட்டை வெளியே தொங்கவிட்டால் நாய் வரும், பழத்தை வெளியே வைத்தால் குரங்கு வரும். குரங்குக்கு ஸிப் திறக்கவும் தெரியும். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் போட்டு மேலே கல் வையுங்கள்.

பக்கத்துக் கூடாரம் நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்துச் சனமாக இருக்கலாம். மொழி தெரியாவிட்டாலும் உப்பும் நெருப்பும் கைமாறும். ஊசிநூல், தீப்பெட்டி, ஒரு முழம் கயிறு கூடுதலாக வைத்திருந்தால் நல்ல அயல் கிடைக்கும்.

சனத்துக்குள்

மலசலகூட வரிசை விடிய ஐந்து மணிக்கு மிக நீளம். மூன்றரைக்கு எழும்புகிறவர் கெட்டிக்காரர். 15ஆம் திகதி கோவில் முன்றலில் பாய் விரித்து இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு அங்கே நில்லுங்கள். குடையை வெயில் ஏறும்வரை விரிக்காதீர்கள், பின்னால் இருப்பவருக்குப் பீடம் தெரியாது. வயதானவர்களுக்கு மடக்குக் கதிரை கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு.

பிள்ளைகளின் சட்டை உட்புறத்தில் தொலைபேசி இலக்கத்தை அழியாத பேனாவால் எழுதுங்கள். ஆனால் அவ்வளவு சனத்துக்குள் சிக்னல் நெரிசலில் அழைப்பு போகாது. அதனால் வந்த அன்றே எல்லோரையும் கூட்டிப்போய், "துலைஞ்சால் இந்த மரத்தடியில வந்து நில், ஒருத்தரோடயும் போகாதை" என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

காட்டுக்குள் இந்தக் கோவில் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலம், 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்த மருதமடுவுக்கு ஓடிவந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வன்னிக் காட்டுக்குள் வந்தார்கள். அந்தச் சொரூபத்துக்கு 1924 யூலை 2இல் முடிசூட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அது மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், அதே வருடம் திரும்பியது. இரவில் கூடாரத்துக்குள் சொல்ல நல்ல கதை, கேட்டபடியே நித்திரையாகிவிடுவார்கள்.

திரும்புவது

ஆசீர் முடிந்த உடனே கிளம்பினால் சந்தி வரைக்கும் வான் ஊர்ந்துதான் போகும். மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணிக்குப் பிறகு வெளிக்கிடுங்கள். சாரதிக்கு நித்திரை கிடைக்கவில்லையென்றால் நாலாம் இரவும் தங்கி 16 காலை போங்கள். இரவில் ஏ9இல் நித்திரைத் தூக்கத்தோடு ஓடுவது யானையைவிட ஆபத்து. பாய், போர்வை, சப்பாத்து எல்லாவற்றையும் உதறியே ஏற்றுங்கள். கயிறுகளை வெட்டாமல் அவிழ்த்து எடுங்கள், குப்பையைச் சாக்கில் கட்டி ஒதுக்கிய இடத்தில் போடுங்கள், அடுப்புக் கிடங்கை மூடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தறப்பாளைக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் மழைக்காலத்தில் எடுக்கும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். மடித்து நிலத்தில் வைத்தால் எலி வெட்டும். கொடியில் தொங்கவிட்டு, அந்த ஆறு கல்லையும் அதே பையில் போட்டுக் கூடவே கட்டிவிடுங்கள்.