வோல்ட்மீட்டரை மாட்டும்போது செய்யும் தவறுகள்: சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு

பேனலில் வோல்ட்மீட்டருக்கு அழகாக ஓட்டை போட்டுவிடுகிறோம். ஆனால் அதன் வயர் எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்று கடைசி நாள் வரை யோசிப்பதில்லை. பறக்கும்போது அந்த மீட்டரிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா, இல்லை பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறோமா?

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், சும்மா இருக்கையில், சுமார் 12.7 காட்டும். ஆல்டர்னேட்டர் ஓடினால் பஸ்ஸில் (கருவிகளுக்கெல்லாம் மின்சாரம் பிரிந்துபோகும் பொதுப் பட்டையில்) 13.8 முதல் 14.4 வரை இருக்கும். எஞ்சின் வேகமாக ஓடியும் 13-க்குக் கீழே இறங்கினால் சுமையை பேட்டரி தாங்குகிறது என்று பொருள்.

இதைத் தெரிந்துகொள்ள சிலர் ஆல்டர்னேட்டரின் அவுட்புட் முனையிலேயே மீட்டரை மாட்டுகிறார்கள். நடுவில் உள்ள பிரேக்கர் விழுந்துவிட்டால்? உள்ளேயே ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ள ஆல்டர்னேட்டர் என்றால் மீட்டர் 14 காட்டிக்கொண்டே இருக்கும், பஸ்ஸோ சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.

பேட்டரி முனையில் நேராக மாட்டினால் வேறு சிக்கல். மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தாலும் அந்த வயரில் மின்சாரம் இருக்கும்; மீட்டர் வாரக்கணக்கில் பேட்டரியைச் சுரண்டும். மெல்லிய வயர் பியூஸ் இல்லாமல் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பை) தாண்டி பேனலுக்கு வருவது ஆபத்து. எங்கிருந்து எடுத்தாலும் சரி, எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடப்பது, வேறொரு கருவிக்குப் போகும் வயரிலிருந்தே மீட்டருக்குக் கிளை எடுப்பது. 22 கேஜ் வயரில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.05 ஓம் தடை. 2 மீட்டர் நீளத்தில் 4 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிரவுண்டு வயரையும் பகிர்ந்தால் இழப்பு இரட்டிப்பு. ரேடியோவில் பேசும்போதெல்லாம் முள் ஆடினால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். மீட்டருக்குத் தனி வயர், தனி கிரவுண்டு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது டையோடு விஷயம். எசென்ஷியல் பஸ் (அவசியமான கருவிகளுக்கு மட்டுமான தனி பஸ்) உள்ள விமானத்தில், மெயின் பஸ்ஸிலிருந்து அதற்கு, ஒரே திசையில் மின்சாரத்தை விடும் டையோடு வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. சாதாரண சிலிக்கான் டையோடில் 0.6 முதல் 0.8 வோல்ட் வரை குறையும். மெயினில் 14.2 இருக்கும்போது எசென்ஷியல் பஸ்ஸில் மாட்டிய மீட்டர் 13.5 காட்டும். இதைப் பார்த்துப் பயந்து ரெகுலேட்டரை ஏற்றிவிடுகிறார்கள். மெயின் பஸ் 14.9-க்குப் போகிறது, பேட்டரி கொதித்துச் சாகிறது. ரெகுலேட்டரைத் தொடும் முன் மெயின் பஸ்ஸில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எசென்ஷியல் பஸ்ஸில் மாட்டவே கூடாதா? மாட்டலாம்; என் தேர்வே எசென்ஷியல் பஸ்தான். ஆல்டர்னேட்டர் போய், மாஸ்டரை அணைத்து, பேட்டரியிலிருந்து டையோடு இல்லாமல் வரும் மாற்றுப் பாதையில் எசென்ஷியல் பஸ்ஸை மட்டும் ஓட்டும்போது மெயின் பஸ்ஸில் உள்ள மீட்டர் பூஜ்யம் காட்டும். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டிய நேரமே அதுதான். டையோடின் இழப்பை அளந்து மீட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மாற்றுப் பாதை ஸ்விட்சைப் போட்டதும் அந்த இழப்பு இருக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எசென்ஷியல் பஸ் இல்லாத எளிய விமானத்துக்கு மெயின் பஸ்ஸே போதும்.