கார்புரேட்டர் காரில் வெடித்துப்போன பெட்ரோல் டியூபை மாற்றுவது எப்படி

மாருதி 800-இன் பழைய கார்புரேட்டர் மாடல்களில் இரும்புக் குழாய், பெட்ரோல் பம்ப், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் எல்லாவற்றையும் இணைப்பவை சிறு ரப்பர் டியூப்கள்தான். என்ஜின் சூட்டில் அவை இறுகி, வளைவுகளிலும் கிளிப்புக்கு அடியிலும் வெடிக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே ஊற வைக்கிறது. டியூபைக் கையால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும்.

பெட்ரோல் சொட்டினால்தான் வெடிப்பு என்றில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள டியூப், பம்ப் உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் ஓட்டத்தில் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மேடு ஏறும்போது வண்டி திணறும். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இந்தத் தொல்லை தீராது.

டியூப் வாங்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. மேலே 'எஸ்ஏஇ ஜே30 ஆர்7' (SAE J30 R7) என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்9 கிடைத்தால் அதையே வாங்குங்கள், எத்தனாலை நன்றாகத் தாங்கும். தண்ணீர் டியூபோ, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபோ போடவே கூடாது. பெட்ரோல் பட்டுப் பட்டு முன்னது ஊறிப்போகும், பின்னது விறைத்துக் கிளிப்பிலிருந்து நழுவும். இரும்புக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. குழாய்க்கு 5/16 அங்குல டியூப் சரியாக இருக்கும். கிளிப்புகளையும் புதிதாகவே வாங்குங்கள். பட்டையில் துளை இல்லாத, ஓரம் மடங்கிய வகை ரப்பரை அறுக்காது.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, திறந்தவெளியில் வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட், குண்டு பல்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் தீக்குத் தண்ணீர் உதவாது. பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே சேர்ந்த அழுத்தம் இறங்கும். டியூப் முனைக்கு அடியில் ஒரு தகரப் பாத்திரத்தை வையுங்கள்.

கிளிப்பைத் தளர்த்தி, டியூபைத் திருகியபடி உருவுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். குழாயில் கீறல் விழுந்தால் அந்த இடமே பிறகு கசியும், அதனால் பிளேடு ஆழமாகப் போகக் கூடாது. கழற்றிய குழாய் முனையை ஒரு போல்ட் செருகிய பழைய டியூப் துண்டால் அடைத்துவிடுங்கள்.

புது டியூபைக் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் விழும் தூள், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை அடைத்துவிடும். பழையதைவிடச் சற்று நீளம் விடுங்கள், ஓட்டத்தில் என்ஜின் ஆடும். முனையில் துளி என்ஜின் ஆயில் தடவி, குழாய் முனையில் புடைத்திருக்கும் விளிம்பைத் தாண்டி 20 முதல் 25 மி.மீ. வரை ஏற்றுங்கள். கிளிப் அந்த விளிம்புக்கு அப்பால், டியூப் முனையிலிருந்து 3 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். சிலிகான் பேஸ்ட் எதற்கும் வேண்டாம், பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து ஜெட்டுக்குப் போய்விடும். பழைய ஃபில்டரையும் இத்தோடு மாற்றினால், அம்புக்குறி பம்பை நோக்கி இருக்க வேண்டும்.

பேட்டரியை மாட்டி, பத்து விநாடி ஸ்டார்ட்டர் சுற்றி நிறுத்தி நிறுத்தி முயலுங்கள். காலி டியூப் நிரம்பச் சற்று நேரமாகும். ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் என்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை மீண்டும் சரிபாருங்கள். புது ரப்பர் சற்று அமுங்கித் தளர்ந்திருக்கும்.

கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ (MPFI) வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே அழுத்தம் 3 பாரை ஒட்டி இருக்கும், குழாய்களும் வேறு. அதை வொர்க்‌ஷாப்பில் விடுங்கள்.