சென்னைப் புழுக்கத்தில் மாவுச்சத்து பானம் கலக்கும் முறை

மாவுச்சத்துப் பொடி வாங்குவதற்கு முன், நம் பயிற்சி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலுமாக ஏறத்தாழ 500 கிராம் கிளைகோஜன் (உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சேமிப்பில் இருக்கும். முந்தைய இரவு வயிறாரச் சாப்பிட்டவருக்கு, ஜிம்மில் ஒரு மணி நேரம் எடை தூக்க அது தாராளமாகப் போதும். மெரினாவில் இரண்டு மணி நேரம் ஓடுபவர்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதிப்பவர்களுக்கும், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுபவர்களுக்கும்தான் இந்தப் பொடி உண்மையில் கைகொடுக்கும்.

ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரையிலான பயிற்சிக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதுமானது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் சங்கிலிதான். குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸை மட்டுமே உள்ளிழுக்கும் என்பதால், அதையே கூடுதலாகக் குடித்தால் வயிறு உப்பி மந்தமாகிவிடும். ஃபிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரைக்குக் குடலில் தனி வழி உண்டு; ஆகவே அதையும் சேர்த்துக்கொள்பவர்கள், நெடுநேரப் பயிற்சிகளில் மணிக்கு 90 கிராம் வரை போகலாம். நம் வீட்டுச் சர்க்கரையிலேயே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி இருப்பதால், இதற்கென்று விலை உயர்ந்த டப்பா தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், 20 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் போட்டு, எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்து, அடியில் கட்டி தங்காதபடி நன்றாகக் குலுக்க வேண்டும். பொடியைத் தராசில் நிறுத்துப் போடுவதே சரி, ஏனெனில் டப்பாவோடு வரும் கரண்டியின் அளவு பொடிக்குப் பொடி மாறும். இந்தக் கலவையில் மாவுச்சத்து 6 சதவீதம். பானம் இதைவிட மிகவும் கெட்டியானால் இரைப்பையிலேயே தங்கிக் குமட்டலை உண்டாக்கும். வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும் சென்னைக் காற்றில் உடலுக்கு முதல் தேவை தண்ணீர் என்பதால், இங்கே சற்று நீர்க்கவே கலப்பது நல்லது. இளநீர் அருமையானதுதான், ஆனால் அதில் சோடியமும் மாவுச்சத்தும் குறைவு; நீண்ட ஓட்டத்துக்கு அதை மட்டும் நம்ப இயலாது.

கால் மணிக்கு ஒருமுறை சில மடக்குகள் குடித்துப் பயிற்சி நாட்களிலேயே வயிற்றைப் பழக்க வேண்டும். மாரத்தான் அன்று புதிதாக எதையும் முயலக் கூடாது.

எட்டு மணி நேரத்துக்குள் அடுத்த பயிற்சி இருந்தால், முதல் நான்கு மணி நேரம், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம். மறுநாள்தான் பயிற்சி என்றால் வழக்கமான சோறு, குழம்பு, பருப்பே போதும்.

உடற்கட்டுக்காக மாஸ் கெய்னர் எனும் எடை கூட்டும் பொடியை வாங்குபவர்கள் மூலப்பொருள் பட்டியலில் முதலில் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் அது மால்டோடெக்ஸ்ட்ரின்தான், ஒரு கிராமுக்கு 4 கலோரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.