தோல் தையல்: டென்ஷனைத் திருகும் முன் ஊசியைப் பாருங்கள்

ஒரு தோள்பையின் வாரை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். மேல்பக்கம் தையல் அழகாக விழுந்தது. திருப்பிப் பார்த்தால், அடியில் ஒவ்வொரு துளையிலும் மேல்நூல் புள்ளி புள்ளியாகத் தலைநீட்டியது. மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, கூட்டினேன்; அடிநூல் சுற்றிய பாபினைத் தளர்த்தினேன். நூல் நைந்து அறுந்ததுதான் மிச்சம். கோளாறு டென்ஷனில் இல்லவே இல்லை. டெக்ஸ் 70 என்ற தடிமனுள்ள நைலான் நூலை, அதற்குப் போதாத மெல்லிய 90 எண் ஊசியில் கோத்திருந்தேன்.

தோல் தைக்கத் தொடங்குகிற பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ஊசி வெளியே வந்ததும் இழைகள் மறுபடி கூடிக்கொள்ளும். தோலுக்கான ஊசியின் முனை கத்தி மாதிரி அறுக்கிறது. விழுந்த துளை விழுந்ததுதான். மேல்நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு அந்தத் துளைக்குள்ளேயே, தோலின் நடுவில் ஒளிந்து உட்கார வேண்டும். துளை குறுகலாக இருந்தால் முடிச்சு மேலே ஏறாமல் அடியிலேயே சிக்கும். அதை டென்ஷனால் இழுக்கப் பார்த்தால் நூல்தான் பிசிறடிக்கும்.

‘சரி, பெரிய ஊசியாகப் போட்டுவிடலாம்’ என்பது அடுத்த தவறு. அகன்ற துளையில் முடிச்சுக்குப் பிடிமானம் கிடையாது. ஒரு தையலில் மேலே வரும், அடுத்ததில் கீழே போகும். நூலைச் சுற்றி ஓட்டையும் பளிச்சென்று தெரியும். தையல் நெருக்கமாகவும் இருந்தால் தோல் தபால்தலையின் ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழியும். 110 எண்ணுக்கு மேல் ஊசி போட்டால் தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே வைக்காதீர்கள்.

எண்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஊசியில் 100 என்றால் அதன் தண்டு 1 மில்லிமீட்டர் தடிமன்; பழைய கணக்கில் அதுவே 16. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். டெக்ஸ் 70 நூலுக்கு 100 அல்லது 110 ஊசி, டெக்ஸ் 90-க்கு 110 முதல் 125 வரை, டெக்ஸ் 135-க்கு 125 முதல் 140 வரை. மெல்லிய, மென்மையான தோலுக்குச் சிறியதையும் தடித்து விறைப்பானதற்குப் பெரியதையும் எடுங்கள். நூல்கண்டில் ‘டிக்கெட்’ எண் போட்டிருந்தால் மட்டும் கவனம்: அது தலைகீழ்க் கணக்கு. டிக்கெட் 20, டிக்கெட் 40-ஐ விடத் தடித்த நூல்.

அட்டவணையை விட நான் நம்புவது ஒரு சின்னச் சோதனையைத்தான். ஊசியைக் கழற்றி, ஒரு முழ நூலில் கோத்து, நூலின் இரு முனைகளையும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் காது சிறியது. சறுக்காமல் பொத்தென்று விழுந்தால் பெரியது.

முனையையும் பாருங்கள். துணிக்கான உருண்டை முனை ஊசியை வைத்துத் தடித்த தோலைத் தைத்தால், ஊசி திணறிச் சூடேறும், தையல் விட்டு விட்டு விழும். பல தொழில்முறை மெஷின்களில் 135×17 என்ற வகை ஊசி துணிக்கு, 135×16 தோலுக்கு. நீளம் ஒன்றுதான், முனைதான் வேறு. கடையில் கேட்கும்போது கடைசி எண்ணை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், 100-லிருந்து நேரே 140-க்குத் தாவினால் தடித்த தண்டு, அடியில் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியில் உரசலாம். மோட்டாரை உடனே போட வேண்டாம். சக்கரத்தைக் கையால் இரண்டு மூன்று சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ‘கிரிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்தி, கொக்கிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்த பிறகே தோலை அடியில் வையுங்கள்.